பாஸ்தாவுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போய்த் தமிழக எல்லையைத் தாண்டியதும் தடா வரும். அங்கிருந்து மேற்கே திரும்பினால் வரதய்யபாளையம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த மண்டலம் இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் எல்லையோர ஊர். 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரவியபின், வயல்வேலையின் நேரக்கணக்கோடு ஷிஃப்ட் வேலையின் நேரக்கணக்கும் இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே இருட்டிவிடும். வாடகை அறையில் இருப்பது பெரும்பாலும் ஒற்றை அடுப்பு, அல்லது ஓர் இண்டக்‌ஷன் ஸ்டவ். இப்படிப்பட்ட வீடுகளுக்கு மளிகைக் கடைகளில் சேமியாவுக்குப் பக்கத்திலேயே தொங்கும் பாஸ்தா பாக்கெட் வசதியான பொருள்தான். ஆனால் அதற்கென்று வழக்கமாகச் சொல்லப்படும் செய்முறை வசதியானதல்ல. பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிடு, வேகவைத்து வடிகட்டு, வேறொரு வாணலியில் மசாலாவைத் தயார் செய், பிறகு இரண்டையும் கல என்கிறது அது. இரண்டு பாத்திரம், இரண்டு அடுப்பு, ஒரு வடிதட்டு. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, தண்ணீரை வடிக்காமல் வேகவைக்கும் முறையும் உண்டு. அதைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்தா எப்படி வேகிறது என்று பார்த்தால் உண்மை வேறு. பாஸ்தா வேகத் தேவையானவை சூடும், உறிஞ்சுவதற்கான நீரும், கொஞ்சம் நேரமும்தான். பாத்திரம் நிறையத் தண்ணீர் என்பது வசதிக்காக ஏற்பட்ட பழக்கம். வேதியியல் அதைக் கேட்கவில்லை.

உலர்ந்த பாஸ்தா என்பது கோதுமை ரவையைத் தண்ணீரில் பிசைந்து, அச்சில் அழுத்திப் பிழிந்து, ஈரம் போகக் காயவைத்தது. நல்ல பாஸ்தாவுக்கு டியூரம் என்ற கடினக் கோதுமையை எடுப்பார்கள். இந்தியாவில் அது மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் அதிகம் விளைகிறது. இந்தூரிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக நிலையம் உருவாக்கிய எச்.ஐ. 8663 போன்ற ரகங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. இதில் முக்கியமானவை இரண்டு: மாவுச்சத்து மணிகள், அவற்றைச் சுற்றி வலைபோலப் பின்னியிருக்கும் கிளூட்டன் என்ற புரதம். வெந்நீரில் விழுந்ததும் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்யத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் மாவுச்சத்து மணிகள் நீரை இழுத்து, உப்பி, கூழாகப் பார்க்கின்றன. அதே சூட்டிலிருந்து 80 டிகிரிக்குள் புரத வலை இறுகி, உப்பும் மணிகளை உள்ளேயே பிடித்துவைக்கப் பார்க்கிறது. வலை முந்திக்கொண்டால் பாஸ்தா பல்லில் கடிபடும் பதத்தில் நிற்கும். மணிகள் முந்தினால் வலை கிழிந்து, கூழ் வெளியே கசிந்து, பாஸ்தா குழையும். டியூரம் ரவை குழையாமல் நிற்பதும், சாதாரண மைதாவில் செய்த மலிவான மக்ரோனி இரண்டு நிமிடம் கூடினால் களியாவதும் இந்தப் போட்டியின் முடிவுகள். இந்தப் போட்டியில் பாத்திரத்திலுள்ள மொத்தத் தண்ணீரின் அளவுக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. பாஸ்தாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது, உள்ளே போகப் போதிய நீர் இருக்கிறதா என்பவைதான் பொருட்டு.

உள்ளே போகும் நீரை அளந்துவிடலாம். 100 கிராம் உலர்ந்த பாஸ்தா வெந்தபின் ஏறக்குறைய 220 முதல் 240 கிராம் வரை எடை நிற்கும். அதாவது அது குடித்த நீர் 120 முதல் 140 மில்லிலிட்டர்தான். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் என்பது பழைய விதி. அந்த ஒரு லிட்டரில் எட்டில் ஏழு பங்கு பாஸ்தாவுக்குள் போகாமல் சாக்கடைக்குப் போகிறது. சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ 2009-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் இந்த விதியைச் சோதித்து எழுதினார். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாஸ்தாவை ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீரில், அதுவும் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு வேகவைத்தார். அடிக்கடி கிளறவேண்டியிருந்ததே தவிர, பாஸ்தா நன்றாகவே வெந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2013-இல், மார்த்தா ஸ்டூவர்ட்டின் இதழ் தக்காளி, வெங்காயம், பூண்டு, பாஸ்தா எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, சுமார் 340 கிராம் பாஸ்தாவை ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான நீரில் வேகவைக்கும் முறையை வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரே பாத்திர பாஸ்தா பரவலாகப் பேசப்பட்டது அதன்பிறகுதான்.

இதில் மிச்சமாவது என்ன என்று கணக்குப் போடும்போது கேஸ் செலவைத்தான் முதலில் நினைப்போம். நான்கு பேருக்கு 400 கிராம் பாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி 4 லிட்டர், ஒரே பாத்திர முறையில் ஏறக்குறைய 1 லிட்டர். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மிச்சமாகும் 3 லிட்டருக்கு 880 கிலோஜூல். எரிவாயுவில் இது 30 கிராமைத் தாண்டாது. 14.2 கிலோ சிலிண்டரில் இது ஒரு பொருட்டே இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் அதே கணக்கை நேரத்தில் போட்டால் கதை மாறுகிறது. 2 கிலோவாட் பர்னரின் சூட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது. அப்படியானால் அந்த 3 லிட்டரைச் சூடாக்க மட்டும் 11 நிமிடம் ஆகும். பாஸ்தா வேகும் நேரமே 9, 10 நிமிடம்தான். வேகும் நேரத்தைவிட, கொட்டிவிடப்போகும் தண்ணீர் சூடாகக் காத்திருக்கும் நேரம் அதிகம். ஷிஃப்ட் முடிந்து வந்தவருக்குப் பெரிய லாபம் இந்தப் பதினோரு நிமிடமும், கழுவவேண்டாத இரண்டு பாத்திரங்களும்தான்.

கணக்கின் இன்னொரு பக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைப்பதைவிட அதை ஆவியாக்குவதற்கு அதிக வெப்பம் செலவாகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வேண்டும். மூடாமல் தளதளவென்று கொதிக்கவிட்டு ஒரு பெரிய டம்ளர், அதாவது 250 மில்லிலிட்டர், ஆவியாகிப் போனால், இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் கூரைக்குப் போய்விட்டது என்று பொருள். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டாது. கூட்டிய தீ முழுவதும் ஆவியாகத்தான் போகும். பாஸ்தா ஒரு விநாடி முன்னதாக வேகாது. ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவைப்பதில் சிக்கனமும் இருக்கிறது, இயற்பியலும் இருக்கிறது.

இத்தனைக்கும் இது நமக்குப் புது முறையே அல்ல. சேமியா உப்புமாவை யாரும் வடிகட்டுவதில்லை. திண்டுக்கல் அணில் சேமியாவானாலும் ஹைதராபாத் பாம்பினோவானாலும், அதுவும் கோதுமை ரவையைப் பிழிந்து காயவைத்த பொருள்தான். பாஸ்தாவுக்கும் அதற்கும் வேறுபாடு தடிமனில்தான். தாளித்து, வெங்காயம் வதக்கி, அளந்த தண்ணீர் விட்டு, கொதிவந்ததும் சேமியாவைப் போட்டு, நீர் வற்றும்போது இறக்குகிறோம். ஒரே பாத்திர பாஸ்தா என்பது முழுக்க முழுக்க இதுதான். சேமியாவை முதலில் எண்ணெயிலோ நெய்யிலோ வறுப்பதற்கும் காரணம் உண்டு. வறுக்கும்போது மேல்பரப்பின் புரதம் சூட்டில் இறுகிவிடுகிறது. எண்ணெய் மெல்லிய படலமாகப் படிந்து, மேல் மாவு ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிறது. ஸ்பெயினின் வலென்சியா கடற்கரையில் ஃபிதெவா என்ற உணவுக்குச் சேமியா போன்ற துண்டுகளை எண்ணெயில் சிவக்க வறுத்து, மீன் வடிநீரை ஊற்றி அகலச் சட்டியிலேயே வற்றவிடுகிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சமையல்கள் ஒரே உத்தியைக் கண்டுபிடித்திருக்கின்றன என்றால், பொருளின் இயல்பே அந்த வழியைக் காட்டியிருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும்.

இத்தாலியர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்பவர்கள் உண்டு. தென் இத்தாலியின் பாரி நகரத்தில் வேகவைக்காத ஸ்பகெட்டியை இரும்பு வாணலியில் போட்டு, தக்காளிக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, அடி கருகக் கருக வேகவைக்கும் உணவு பெயர்பெற்றது. வடிகட்டல் அங்கே இல்லை. அதைவிடச் சூடான சான்று 2022 செப்டம்பரில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜியோ பரிசி, பாஸ்தாவைப் போட்டு மறுபடி கொதிவந்ததும் அடுப்பை அணைத்து மூடிவைத்தால் போதும், ஓரிரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு வெந்துவிடும் என்ற யோசனையைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார். சமையல் வல்லுநர்கள் கொதித்தார்கள். பாஸ்தா ரப்பராகிவிடும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு. சூடு 80 டிகிரிக்குக் கீழே சீக்கிரம் இறங்கிவிட்டால் புரத வலை இறுகும் வேகம் குறையும், மாவு கசியும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீர், அடிகனமான பாத்திரத்தில் உள்ள நான்கு லிட்டரைவிட விரைவில் ஆறும். ஆகவே ஒரே பாத்திர முறைக்கு பரிசியின் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அடுப்பில் முக்கால் பதம் வேகவைத்து, கடைசி நான்கைந்து நிமிடத்தை மட்டும் மூடிய பாத்திரத்தின் சூட்டுக்கு விட்டுவிடலாம். பொங்கலையும் பிரியாணியையும் 'தம்' போடும் வீடுகளுக்கு இது புரியாத பாடமல்ல.

அடுத்த எதிர்வாதம் ஒட்டிக்கொள்ளும் என்பது. தண்ணீர் நிறைய இருந்தால் கசியும் மாவு நீர்த்துப்போகும், துண்டுகள் விலகி நிற்கும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒட்டும் ஆபத்து கடைசிவரை நீடிப்பதில்லை. முதல் இரண்டு மூன்று நிமிடம்தான் சிக்கல். அப்போது மேல்பரப்பு மாவு கூழாகிப் பசையாக இருக்கும். இரண்டு துண்டுகள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றாகவே இறுகிவிடும். அந்த இரண்டு மூன்று நிமிடம் கரண்டியை எடுக்காமல் கிளறினால் மேல்தோல் இறுகிவிடும். பிறகு அவ்வப்போது அடியைத் தடவிவிட்டால் போதும். குட்டையான வடிவங்கள், அதாவது குழல், சுருள், சிப்பி வகைகள், நீண்ட ஸ்பகெட்டியைவிட இதற்கு ஏற்றவை. அவற்றைக் கிளறுவது எளிது. முதலில் எண்ணெயில் புரட்டுவதும் கைகொடுக்கும்.

பாத்திரத்துக்குள் நடப்பதை நெருங்கிப் பார்ப்போம். 400 கிராம் குழல் பாஸ்தா, மூன்று நடுத்தரத் தக்காளி, இரண்டு வெங்காயம், ஒரு கை வேர்க்கடலை. பாஸ்தா குடிக்கப்போவது 520 மில்லிலிட்டர். மூடியும் திறந்துமாகப் பத்து நிமிடத்தில் ஆவியாவது ஏறக்குறைய 250. கடைசியில் குழம்பாக நிற்கவேண்டியது 300 முதல் 400. மொத்தம் 1,100 முதல் 1,200 வரை. தக்காளியின் எடையில் 94 சதவீதம் நீர் என்பதால் அதிலிருந்தே 280 மில்லிலிட்டர் கிடைத்துவிடும். ஆகவே ஊற்றவேண்டிய தண்ணீர் 900 மில்லிலிட்டர்தான். பாதி அளவு பாஸ்தாவுக்கு இந்தத் தண்ணீரையும் பாதியாக்கிவிடலாமா? கூடாது. உறிஞ்சும் நீர் பாஸ்தாவின் எடையைப் பொறுத்தது. ஆவியாகும் நீரோ பாத்திரத்தின் வாயகலத்தையும் நேரத்தையும் பொறுத்தது. ஒருவருக்குச் சமைத்தாலும் நால்வருக்குச் சமைத்தாலும் வேகும் நேரம் ஒன்றே என்பதால், ஆவிக்குப் போகும் டம்ளர் அப்படியே நிற்கிறது. ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்ற விதி, பத்துப் பேருக்குச் சமைக்கும்போது சாதத்தைக் குழைத்துவிடுவதும் இதே காரணத்தால்தான். பாஸ்தா எடையில் ஒன்றேகால் மடங்கு, ஆவிக்கு ஒரு டம்ளர், குழம்புக்கு வேண்டிய அளவு, அதில் காய்கறி விடும் நீரைக் கழித்துக்கொள்வது. இந்தக் கணக்கு தெரிந்தால் எந்த அளவுக்கும் செய்முறைக் குறிப்பைத் தேடவேண்டியதில்லை.

வடிக்காததால் பாத்திரத்திலேயே தங்கும் மாவுநீர் குறையல்ல, அதுதான் இந்த உணவின் பலம். வேகும்போது நல்ல பாஸ்தாவின் எடையில் 5, 6 சதவீதம் நீரில் கரைந்து போகிறது. வடிகட்டினால் அது போய்விடும். வடிகட்டாவிட்டால் அது எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியவிடாமல் பிணைக்கும் பசையாகிறது. சீஸ் சேர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ரோம் நகரத்தின் காச்சோ எ பெப்பே என்ற சீஸும் மிளகும் சேர்ந்த பாஸ்தா, சூடு சற்றுக் கூடினாலே திரிந்து கட்டியாகிவிடும். 2025-இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ் இதழில் எழுதினார்கள். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் அது திரிவதில்லை என்று கண்டார்கள். அந்த ஆண்டின் வேடிக்கை நோபலான இக் நோபல் பரிசும் அதற்குக் கிடைத்தது. பாக்கெட் கிரீம், சோள மாவு என்று வெளியிலிருந்து எதையும் சேர்க்காமலேயே ஒரே பாத்திர பாஸ்தாவின் குழம்பு வழவழப்பாக நிற்பதற்கு இந்த மாவுநீரே காரணம்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போடு என்ற பேச்சில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. தக்காளியின் புளிப்பு பாஸ்தாவுக்குக் கெடுதல் செய்யாது. காரத்தன்மையுள்ள போர் தண்ணீரில் பாஸ்தாவிலிருந்து அதிகம் மாவு கசியும்; லேசான புளிப்பு அதைக் குறைக்கிறது. ஆனால் காய்கறிக்கும் பருப்புக்கும் கதை வேறு. காய்கறிச் செல்களின் சுவரை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பில் எளிதில் கரைவதில்லை. சாம்பாரில் பருப்பு வெந்தபிறகே புளி விடுகிறோம். முன்னாலேயே விட்டால் பருப்பு விரைத்துக்கொள்ளும். பாஸ்தாவிலும் கேரட், பீன்ஸ், உருளை ஆகியவற்றை முதலில் வெறும் எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கி மூடிவைத்து அரைவேக்காடாக்கி, பிறகு தக்காளி சேர்ப்பதே முறை. கீரை, குடைமிளகாய் ஆகியவை கடைசி இரண்டு நிமிடத்தில் போகவேண்டியவை. பாத்திரம் ஒன்றானாலும் வேளைகள் வேறு வேறு. இதை மறந்துவிட்டு, பாஸ்தா குழைந்து காய் விரைத்து நிற்கும்போது முறையையே குறைசொல்வதில் நியாயமில்லை.

உப்பிலும் கணக்கு மாறுகிறது. வடிகட்டும் முறையில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பார்கள். 4 லிட்டருக்கு 40 கிராம் போட்டாலும் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும். ஒரே பாத்திரத்தில் போட்டது அத்தனையும் தட்டுக்கு வரும். நால்வருக்கு 6, 7 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டியும் சிறிதும், தாராளம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பில், இரவு உணவுக்கு ஒன்றரை கிராம் என்பது நியாயமான பங்கு. பாக்கெட்டோடு வரும் மசாலாத் தூளைப் போடுபவர்கள் அதிலும் உப்பு இருப்பதை நினைவில் வைத்துத் தனி உப்பைக் குறைக்கவேண்டும்.

ராத்திரியில் மாவுப் பண்டமா, சர்க்கரை ஏறாதா என்ற கேள்வி நியாயமானது. புரத வலைக்குள் மாவுச்சத்து அடைபட்டிருப்பதால் டியூரம் பாஸ்தா மெதுவாகவே செரிக்கிறது. அதன் கிளைசீமிக் இண்டெக்ஸ் பொதுவாக 50-ஐ ஒட்டி நிற்கிறது. வெள்ளை அரிசி வகைகள் பல அதைவிட உயரத்தில் இருக்கின்றன. இந்த நன்மை பதம் தவறாத பாஸ்தாவுக்குத்தான். குழைந்தால் வலை கிழிந்து நன்மையும் போய்விடும். பாக்கெட்டின் பின்புறத்தில் டியூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா, மைதா என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குவது அதனால்தான் முக்கியம். புரதமும் கவனிக்கவேண்டியதே. 400 கிராம் பாஸ்தாவில் ஏறத்தாழ 46 கிராம் புரதம் இருக்கும். 100 கிராம் வேர்க்கடலை 25 கிராமைச் சேர்க்கும். 50 கிராம் சோயா உருண்டையும் ஏறக்குறைய அதே அளவைத் தரும். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். சோயா உருண்டை தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்குமேல் நீர் குடிக்கும் என்பதால் முன்கூட்டி ஊறவைத்துப் பிழிந்து போடவேண்டும். வடிக்காததால் நீரில் கரையும் பி வகை வைட்டமின்களும் பாத்திரத்திலேயே தங்குகின்றன. கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள் என்று ஊட்டச்சத்து நிபுணர்கள் சாதத்துக்குச் சொல்வது இங்கே தானாகவே நடந்துவிடுகிறது.

குக்கரில் வைத்தால் இன்னும் சீக்கிரம் ஆகுமே என்று தோன்றலாம். குக்கருக்குள் சூடு 120 டிகிரிவரை ஏறுவதால் வேகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். மாவுநீர் நுரைத்து வெயிட் வால்வின் துளையை அடைக்கக்கூடும். ஆகவே பாதிக்குமேல் நிரப்பக்கூடாது, ஒரு கரண்டி எண்ணெய் நுரையை அடக்கும். இரண்டாவது, பாஸ்தாவுக்குப் பதம் என்பது ஒரு நிமிடக் கணக்கு. குக்கரில் அந்த ஒரு நிமிடம் கண்ணுக்குத் தெரியாது. விசில் அடங்கக் காத்திருக்கும் நேரமும் வேகும் நேரம்தான். பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் குக்கர் தரும் லாபம் பத்து நிமிடத்தில் வேகும் பொருளில் பெரிதாகக் கிடைக்காது. மூடியுள்ள அடிகனமான பாத்திரமே இதற்குப் பொருத்தம்.

மிச்சத்தைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இரட்டிப்பாகச் சமைப்பவர்கள்தான் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு, பாஸ்தா, நூடுல்ஸ் போன்ற மாவுப் பண்டங்கள் அறைச் சூட்டில் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். அவற்றுள் சில வகைகள் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடுசெய்தாலும் அழியாது. பெல்ஜியத்தில் 2008-இல் ஐந்து நாள் வெளியே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட இருபது வயது மாணவர் ஒருவர் இறந்துபோனதை மருத்துவ இதழ் பதிவுசெய்திருக்கிறது. அது குளிர்நாடு. தடாவிலும் வரதய்யபாளையத்திலும் கோடை இரவில்கூட அறைச் சூடு 30 டிகிரிக்குக் குறையாத நாள்கள் உண்டு. ஐந்து நாள் எல்லாம் வேண்டாம், ஓர் இரவே அதிகம். ஃப்ரிட்ஜ் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து உள்ளே வைக்கலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத அறையில் இருப்பவர் அன்றைக்கு வேண்டியதை மட்டும் சமைப்பதுதான் சரி. பதினைந்து இருபது நிமிடத்தில் ஆகிவிடும் உணவை மிச்சம் வைக்கவேண்டிய அவசியமும் இல்லை.

இந்த முறையால் பாஸ்தா உணவகத் தரத்துக்கு வந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவேண்டாம். முட்டையும் மாவும் சேர்த்துக் கையால் பிசையும் ஈரப் பாஸ்தாவுக்கு இது ஒத்துவராது. மீன், கடல் சிப்பி போன்ற நுட்பமான குழம்புகளைத் தனியே செய்வதே நல்லது. வாரநாள் இரவுக்கு, உலர்ந்த டியூரம் பாஸ்தாவுக்கு, தக்காளியோ மசாலாவோ சேர்ந்த குழம்புக்கு, அளந்த நீரும் ஒரே பாத்திரமும் போதுமானவை மட்டுமல்ல, மேலானவையும்கூட. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். ஒரே பாத்திரம் இந்த இடைவெளியிலிருந்து பதினைந்து நிமிடத்தைக் குறைக்கலாம். இடைவெளியை அது மூடாது. ஒரு கரண்டியும், ஓர் அளவு டம்ளரும், மூன்று நிமிடம் விடாமல் கிளறும் பொறுமையும் மட்டுமே கேட்கும் இந்தச் சமையலை வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் கற்றுக்கொண்டு, வாரத்தில் ஓரிரு இரவை முழுதாகத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும்.